'முடியாது'ன்னு சொல்ல முடியுமா? வட கொரியச் சிறுமிகளின் ஜிம்னாஸ்டிக்ஸும் நாம கேட்க மறக்கும் கேள்வியும்!

ரீல்ஸ் ஸ்க்ரோல் பண்ணும்போது இந்தக் காட்சி ஒருமுறையாவது உங்க கண்ணில் பட்டிருக்கும். பிரமாண்டமான ஸ்டேடியம். நடுவில் ஆயிரக்கணக்கான சிறுமிகள். ஒரே நிற உடை. ஒரே நொடியில் குதிக்கிறார்கள், ஒரே நொடியில் வில்லாக வளைகிறார்கள். பின்னால் கேலரி முழுக்க ஒரு ராட்சத ஓவியம். கண் சிமிட்டுவதற்குள் அது சூரியோதயமாக, மலையாக, கொடியாக மாறிக்கொண்டே இருக்கிறது. எல்.இ.டி திரைன்னு நினைச்சா ஏமாந்துபோவீங்க. அந்த ஓவியத்தின் ஒவ்வொரு புள்ளியும், கையில் வண்ண அட்டைகளைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவர்.

கமென்ட்ஸைத் திறந்தால் பாதிப் பேர், 'செம டிசிப்ளின்... நம்மகிட்ட இது இல்லையே!' மீதிப் பேர், 'பாவம், ரோபோ மாதிரி வளர்க்கிறாங்க!'

இடம், வட கொரியத் தலைநகர் பியாங்யாங். நிகழ்ச்சியின் பெயர் மாஸ் கேம்ஸ். சில ஆண்டுகளாகச் சத்தமில்லாமல் இருந்த இந்த நிகழ்ச்சி, ஆளும் தொழிலாளர் கட்சியின் 80-வது ஆண்டு விழாவுக்காக 2025 அக்டோபரில் மே தின ஸ்டேடியத்தில் மறுபடியும் நடந்தது. அதிபர் கிம் ஜோங் உன்னோடு சீனா, ரஷ்யா, வியட்நாமிலிருந்து வந்த தலைவர்களும் உட்கார்ந்து ரசித்தார்கள். 

'டிசிப்ளினா, கொடுமையா?' என்ற சண்டையைக் கொஞ்சம் ஓரமா வைங்க. அங்கே குதிக்கிற ஒரு சிறுமி காலையில் எழுந்ததிலிருந்து என்ன செய்கிறாள்? யாரோடு சாப்பிடுகிறாள்? முட்டி வலித்தால் யாரிடம் சொல்கிறாள்? 30 விநாடி வீடியோ இதையெல்லாம் சொல்லாது. ஒன்றரை மணி நேரம் ஒதுக்க முடிந்தால், 2004-ல் வந்த 'ஏ ஸ்டேட் ஆஃப் மைண்ட்' என்ற டாக்குமென்டரியைத் தேடிப் பாருங்க. பழைய படம்தான். ஆனால், இன்றைக்கு வைரலாகும் அந்த வீடியோக்களைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல சாவி கிடைப்பது கஷ்டம்.

கால்பந்து திறந்துவிட்ட கதவு

வட கொரியாவுக்குள் வெளிநாட்டு கேமரா நுழைவதே அபூர்வம். ஒரு குடும்பத்தின் சமையலறை வரை போவது அதைவிட அபூர்வம். பிரிட்டிஷ் இயக்குநர் டேனியல் கோர்டனுக்கு அது எப்படிச் சாத்தியமாச்சு?

1966 உலகக் கோப்பை கால்பந்தில், யாருமே எதிர்பார்க்காத வட கொரிய அணி இத்தாலியை 1-0 என்று தோற்கடித்து வீட்டுக்கு அனுப்பியது. அந்த வீரர்களைப் பல ஆண்டுகள் கழித்துத் தேடிப்போய் கோர்டன் எடுத்த டாக்குமென்டரி 2002-ல் வெளியானது. அது பியாங்யாங்கில் சம்பாதித்துக் கொடுத்த நல்ல பேர்தான் அடுத்த படத்துக்கான அனுமதிச் சீட்டு.

2003-ல், நாடு உருவான 55-வது ஆண்டு விழாவுக்கான மாஸ் கேம்ஸுக்குத் தயாராகும் இரண்டு சிறுமிகளை எட்டு மாதங்களுக்கும் மேல் படக்குழு பின்தொடர்ந்தது. ஒருத்திக்கு 13 வயது, இன்னொருத்திக்கு 11.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்திக்கணும். இது ஒலிம்பிக்ஸில் நாம பார்க்கும் ஜிம்னாஸ்டிக்ஸ் கிடையாது. இதில் பதக்கம் இல்லை, ஸ்கோர் இல்லை, ஜெயித்தவரின் க்ளோசப் இல்லை. பல்லாயிரம் பேர் ஒரே உடம்பாக அசைவதுதான் மொத்த நிகழ்ச்சியே. 'அரிராங்' என்ற பெயரில் 2007-ல் நடந்த மாஸ் கேம்ஸ், 1,00,090 பேர் பங்கேற்ற உலகின் மிகப் பெரிய ஜிம்னாஸ்டிக்ஸ் காட்சியாக கின்னஸில் இடம்பிடித்தது. ஒரு லட்சம் பேர்! பார்வையாளர்களைச் சொல்லவில்லை, ஆடியவர்களைச் சொல்றோம்.

அணைக்க முடியாத ரேடியோ

படத்தில் நம்மை உலுக்கும் விஷயங்கள் ஸ்டேடியத்தில் இல்லை, வீட்டுக்குள் இருக்கின்றன.

சமையலறைச் சுவரில் ஒரு ரேடியோ. அரசு ஒலிபரப்பு அதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. சத்தத்தைக் குறைக்கலாம். ஆனால், அணைக்க முடியாது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நம்ம வீட்டில் ஃபேன் ஓடுவது மாதிரி அது பாட்டுக்கு ஓடுகிறது, அம்மா சமைக்கிறார், பொண்ணு சாப்பிடுகிறாள். திடீரென்று கரன்ட் போகிறது. அமெரிக்காதான் காரணம் என்று அலுத்துக்கொள்கிறார்கள்.

இதைப் பார்த்துச் சிரிப்பு வரலாம். படப்பிடிப்பு நடந்த ஆண்டை மறக்காதீங்க. 2002 ஜனவரியில் அமெரிக்க அதிபர் புஷ், இராக், ஈரான், வட கொரியா மூன்றையும் சேர்த்து 'தீய அச்சு' என்று அறிவித்தார். 2003 மார்ச்சில் அந்தப் பட்டியலில் இருந்த இராக்கின் மேல் குண்டு விழுந்தது. 'அடுத்து நாமதான்' என்ற பயத்தை அந்தக் குடும்பத்துக்கு அரசு ஊட்டியது உண்மை. அந்தப் பயத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 

1990-களின் பஞ்சத்தைப் பற்றியும் பெரியவர்கள் பேசுகிறார்கள். லட்சக்கணக்கானவர்கள் பட்டினியால் செத்த காலம் அது. அரசு அதற்கு வைத்த பெயர் 'கடினமான நெடும்பயணம்'. பசியைக்கூட ஒரு வீர சாகசப் பெயருக்குள் ஒளித்துவைத்த நாட்டில், அந்தப் பசியைத் தாண்டி வந்த பெற்றோர் தங்கள் மகளின் தட்டில் எதையாவது வைத்துச் சாப்பிடச் சொல்லும்போது, அரசியல் எல்லாம் மறந்து மனசு கனக்கிறது.

அந்தச் சிறுமிகளும் ரோபோக்கள் மாதிரி தெரியவில்லை. சிரிக்கிறார்கள், சோர்ந்துபோகிறார்கள், தோழிகளோடு கிண்டலடிக்கிறார்கள். திறந்தவெளியில், கான்கிரீட் தரையில், ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். இத்தனைக்கும் அவர்களுடைய கனவு ஒன்றுதான்: அப்போதைய தலைவர் கிம் ஜோங் இல் முன்னால் ஒருமுறை ஆட வேண்டும்.

அந்த ஆசை நடிப்பா என்று நீங்க எவ்வளவு உற்றுப் பார்த்தாலும், நடிப்பு மாதிரி தெரியாது. படத்தின் மிகச் சங்கடமான உண்மை இதுதான். அந்தப் பொண்ணு நிஜமாகவே அதை விரும்புகிறாள்.

ஒரு கால் சறுக்கினால்...

ஒரு நாடு இதற்காக ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறது? சுற்றுலா வருமானம் ஒரு காரணம். வெளிநாட்டினருக்கான டிக்கெட் நூற்றுக்கணக்கான யூரோவுக்குப் போனது. ஆனால், முக்கியமான காரணத்தை 1987-ல் கிம் ஜோங் இல்லே ஒரு உரையில் விளக்கிவிட்டார். சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: தன் ஒரு சின்னத் தவறு மொத்த நிகழ்ச்சியையும் கெடுத்துவிடும் என்று தெரிந்த குழந்தை, தன் எண்ணத்தையும் செயலையும் தானாகவே கூட்டத்துக்குக் கீழ்ப்படுத்தப் பழகிக்கொள்ளும். 

யோசித்துப் பாருங்க. பாடப் புத்தகத்தில் 'கட்சிக்குக் கட்டுப்படு' என்று எழுதினால் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகலாம். அதையே உடம்பில் எழுதினால்? ஒரு தப்பு செய்தால் பக்கத்தில் நிற்கும் தோழிகள் எல்லோரும் முதலிலிருந்து மறுபடி ஆடணும். அந்தக் குற்ற உணர்ச்சி எந்த வாத்தியாரின் பிரம்பையும்விட வலிமையானது. அட்டை பிடிக்கும் மாணவருக்கும் இதே கதைதான். நூறு முறை சரியாகத் திருப்பினால் யார் கண்ணிலும் படமாட்டார். ஒருமுறை தவறாகத் திருப்பினால் சூரியனின் நடுவில் ஒரு ஓட்டையாகத் தெரிவார்.

வராத விருந்தாளி

எட்டு மாதப் பயிற்சி முடிந்து செப்டம்பரில் நிகழ்ச்சி தொடங்குகிறது. சிறுமிகள் ஆடுகிறார்கள். ஸ்டேடியமே அதிர்கிறது. ஒவ்வொரு காட்சியிலும் எல்லோருடைய மனசும் அந்த ஒரு இருக்கையையே தேடுகிறது. கிம் ஜோங் இல் வரவில்லை. கடைசி வரை ஒரு காட்சிக்குக்கூட வரவில்லை.

யாரும் கோபப்படுவதில்லை. ஏமாற்றத்தை விழுங்கிக்கொண்டு அடுத்த முறைக்குத் தயாராகிறார்கள்.

இதன் தலைகீழ் வடிவம் 2019-ல் நடந்தது. அந்த ஆண்டு மாஸ் கேம்ஸ் தொடக்க நாளில் கிம் ஜோங் உன் வந்தார், பார்த்தார், பிடிக்கவில்லை என்று தயாரிப்பாளர்களைக் கடிந்துகொண்டார். நிகழ்ச்சியே சில நாள்கள் நிறுத்தப்பட்டது. ஒருவர் வராவிட்டாலும், வந்து முகம் சுளித்தாலும், பல்லாயிரம் பேரின் மாதக்கணக்கான வியர்வைக்கு அவ்வளவுதான் மரியாதை.

கேமரா போகாத இடம்

படம் பொய் சொல்கிறதா? அப்படிச் சொல்ல முடியாது. ஆனால், எங்கே நின்று பார்க்கிறது என்பதைக் கவனிக்கணும். அது பியாங்யாங்கில் எடுக்கப்பட்ட படம். அரசின் அனுமதி இல்லாமல் அந்த நகரத்தில் யாரும் குடியிருக்கவே முடியாது. குடும்பப் பின்னணி, விசுவாசம் எல்லாம் பார்த்துத்தான் இடம் கிடைக்கும். அரசு அனுமதித்த கேமரா முன்னால் பேசும் எந்தக் குடும்பமும், மனசில் இருப்பதை எல்லாம் கொட்டிவிடாது.

வெளியே தப்பித்து வந்தவர்கள் வேறு கதை சொல்கிறார்கள். வட கொரிய மனித உரிமை நிலவரம் பற்றி ஐ.நா. அமைத்த விசாரணை ஆணையம் 2014-ல் தந்த அறிக்கையில் மாஸ் கேம்ஸ் பயிற்சியும் இடம்பெற்றது. மாதக்கணக்கில் பயிற்சி, நிகழ்ச்சி நெருங்கும்போது படிப்பை விட்டுவிட்டு நாள் முழுக்க வெயிலில் பயிற்சி, மயங்கி விழும் குழந்தைகள் என்று சாட்சியங்கள் பதிவாயின. அதில் ஒன்று மறக்கவே முடியாதது. ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் குடல்வால் அழற்சி வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு பயிற்சியைத் தொடர்ந்திருக்கிறான். உரிய நேரத்தில் சிகிச்சை கிடைக்காமல் இறந்துபோனான். தலைவருக்கான நிகழ்ச்சிக்காக உயிர் கொடுத்தவன் என்று அவன் வீரனாகக் கொண்டாடப்பட்டான்.

இப்போ அந்த 13 வயது சிறுமியின் சிரிப்பையும், இந்தப் பையனின் வலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்கணும் என்று நமக்குத் தோன்றும். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். பெருமையோடு ஆடிய குழந்தையும், வலியைச் சொல்ல முடியாத குழந்தையும் ஒரே வரிசையில் நின்றிருக்கலாம். ஏன், ஒரே குழந்தையாகக்கூட இருக்கலாம்.

இன்னொரு வேடிக்கை. இந்தப் படம் 2004-ல் பியாங்யாங் திரைப்பட விழாவில் இரண்டு விருதுகள் வாங்கியது. மேற்கத்திய நாடுகளின் விழாக்களிலும் கைத்தட்டல் வாங்கியது. 'எங்க குழந்தைகளின் உழைப்பைப் பாருங்க' என்று ஒரு பக்கம் பெருமைப்பட்ட அதே காட்சிகளைப் பார்த்து, 'ஐயோ, இப்படியா?' என்று இன்னொரு பக்கம் பதறினார்கள். அவரவர் ஏற்கெனவே நம்பியதையே படத்தில் கண்டுபிடித்துக்கொண்டார்கள். உங்க ரீல்ஸ் கமென்ட் பாக்ஸில் நடப்பதும் இதேதான்!

கம்யூனிஸ்ட் நாட்டில் மட்டும்தானா?

'கம்யூனிஸ்ட் நாடுன்னா அப்படித்தான்' என்று முடித்துவிடுவது சுலபம். வரலாறு அவ்வளவு சுலபமாக விடாது.

கூட்டமாக ஜிம்னாஸ்டிக்ஸ் செய்வது வட கொரியா கண்டுபிடித்த விஷயம் இல்லை. 1862-ல் பிராகா நகரில் 'சோகோல்' என்ற உடற்பயிற்சி இயக்கம் தொடங்கியது. ஆஸ்திரிய ஆட்சிக்குக் கீழே இருந்த செக் மக்கள், 'நாங்கள் ஒரு தேசம்' என்று உடம்பால் சொன்ன இயக்கம் அது. பின்னாளில் செக்கோஸ்லோவாகியாவில் ஆட்சியைப் பிடித்த கம்யூனிஸ்ட்டுகள், அதே வடிவத்தை 'ஸ்பார்டகியாடா' என்ற பெயரில் தங்கள் விழாவாக மாற்றிக்கொண்டார்கள். விடுதலைக்காகப் பிறந்த வடிவம், கட்டுப்பாட்டுக்கான கருவியாகவும் கச்சிதமாகப் பொருந்தியது.

பதக்கத்துக்கான ஜிம்னாஸ்டிக்ஸ் பக்கம் வாங்க. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்ஸில் ருமேனியாவின் நாடியா கோமனெச்சி முதல் 'பெர்ஃபெக்ட் 10' வாங்கியபோது அவருக்கு வயது 14. ஸ்கோர் போர்டில் 10 காட்ட வசதியே இல்லாததால் 1.00 என்று காட்டியது! அந்த நாட்டின் கம்யூனிஸ்ட் அரசு அவரைக் கொண்டாடியது, கூடவே கண்காணித்தது. 1989 நவம்பரில், ராத்திரியோடு ராத்திரியாக எல்லையைத் தாண்டி ஹங்கேரிக்குள் நடந்தே தப்பித்தார்.

சீனா, 2000 சிட்னி ஒலிம்பிக்ஸில் பெண்கள் அணிப் பிரிவில் வெண்கலம் வென்றது. பத்து ஆண்டுகள் கழித்து அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. அணியில் இருந்த ஒரு வீராங்கனைக்கு, போட்டியின்போது 14 வயதுதான். குறைந்தபட்ச வயது 16. 

இதுவரைக்கும் 'கம்யூனிஸ்ட் நாடுன்னா அப்படித்தான்' கதை சரியாகத்தான் போகிறது. இப்போ அமெரிக்கா. நாடியாவின் பயிற்சியாளர்கள் பெலா, மார்தா கரோலி தம்பதி 1981-ல் அமெரிக்காவில் தஞ்சமடைந்தார்கள். பின்னாளில் டெக்சாஸில் இருந்த அவர்களுடைய பண்ணைதான் அமெரிக்க தேசிய அணியின் பயிற்சி மையமானது. பெற்றோர் உள்ளே வர முடியாத அந்த மையத்திலும், இன்னும் பல இடங்களிலும், அணியின் மருத்துவர் லாரி நாசர் ஆண்டுக்கணக்கில் சிறுமிகளைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கினார். புகார்கள் காதில் விழுந்தும் பெரியவர்கள் பலர் அசையவில்லை. 2018-ல் அவருக்கு 40 முதல் 175 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை கிடைத்தபோது, 150-க்கும் மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் தங்கள் வலியைச் சொல்லியிருந்தார்கள். இந்தக் கதையைச் சொல்லும் 'அத்லெட் ஏ' டாக்குமென்டரி 2020-ல் நெட்ஃப்ளிக்ஸில் வந்தது. முடிந்தால் இரண்டு படங்களையும் அடுத்தடுத்த நாள் பாருங்க.

அப்போ இரண்டு நாடும் ஒண்ணுதானா? நிச்சயமா இல்லை. அமெரிக்காவில் தாமதமாகவாவது ஒரு செய்தித்தாள் எழுதியது, நீதிமன்றம் கேட்டது, சிமோன் பைல்ஸ் 2021-ல் செனட் முன்னால் உட்கார்ந்து எஃப்.பி.ஐ-யையே குற்றம்சாட்ட முடிந்தது. அதே ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்ஸில், 'என்னால் இப்போ முடியாது' என்று பாதியில் விலகவும் முடிந்தது. உலகமே விவாதித்தது. ஆனால், அவர் வீட்டுக் கதவை யாரும் தட்டவில்லை. வட கொரியாவில் அந்தச் செய்தித்தாளும் இல்லை, அந்த நீதிமன்றமும் இல்லை. கேமரா முன்னால் 'முடியாது' என்று சொன்ன ஒரு சிறுமியை நாம இதுவரை பார்க்கவும் இல்லை.

அடுத்த முறை அந்த வீடியோ வந்தால்...

லைக் போடுவதா, திட்டுவதா என்று யோசிப்பதற்கு முன்னால் சில கேள்விகளைக் கேட்டுப் பாருங்க.

இந்த கேமராவை உள்ளே விட்டது யார்? அனுமதி கொடுத்தவருக்கு இதனால் என்ன லாபம்? 

ஃப்ரேமில் இல்லாதவர் யார்? பியாங்யாங் தெரிந்தால், பியாங்யாங்குக்குள் வர முடியாத ஊர்களை நினைச்சுக்கோங்க.

குழந்தை பேசும்போது பக்கத்தில் எந்தப் பெரியவர் நிற்கிறார்? 

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமானது: இந்தக் குழந்தை நாளைக்கு வரமாட்டேன் என்று சொன்னால் என்ன ஆகும்?

'குழந்தை சந்தோஷமா இருக்கா?' என்ற கேள்வியை நாம உடனே கேட்டுவிடுகிறோம். அதற்குக் கிடைக்கும் பதில் நம்மை ஏமாற்றிவிடும். குழந்தைகள் பெரியவர்கள் காட்டும் எதையும் விரும்பக் கற்றுக்கொள்வார்கள். கைத்தட்டல் கிடைத்தால் வலியைக்கூட விரும்புவார்கள். டெக்சாஸிலும் சிறுமிகள் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிப்பை வைத்து எதையும் முடிவு பண்ண முடியாது. வலிக்கும்போது நிறுத்தலாம், பிடிக்காதபோது விலகலாம், தப்பு நடந்தால் வெளியே சொல்லலாம், சொன்னால் கேட்க ஆள் இருக்கிறது. இந்த நாலும் இருக்கிற இடத்தில் கடினமான பயிற்சி ஒரு குழந்தைக்கு வரமாகக்கூட இருக்கலாம். இவை இல்லாத இடத்தில், எவ்வளவு அழகான நடனமாக இருந்தாலும் நம் கைத்தட்டல் அந்தக் குழந்தைக்குப் போய்ச் சேராது. மேடையில் உட்கார்ந்திருக்கும் தலைவருக்குத்தான் போகும்.

2003-ல் ஆடிய அந்தச் சிறுமிகளுக்கு இப்போ 30 வயதைத் தாண்டியிருக்கும். 2025-ல் அதே நகரத்தில் ஆடிய சிறுமிகள், அவர்கள் ஆடிய காலத்தில் பிறந்திருக்கவே மாட்டார்கள். அசைவுகள் மாறவில்லை, அட்டைகள் மாறவில்லை. பார்க்கிற நாம கேட்கும் கேள்வியையாவது மாற்றலாமே!